கடன் கணவர் பெயரில், பணம் இருவருடையது: போலண்ட் வழக்கு

இங்கிலாந்தில் ஒரு வீட்டைப் பற்றிப் பேசும்போது மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது? அடமானக் கடன் யார் தலையில் இருக்கிறது? வீடு வாங்கிய பணம் யாருடையது? குடும்பம் ஒழுங்காக ஓடும் வரை இந்த மூன்றையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கணவர் தொழிலில் நொடித்துப்போய், வங்கி வீட்டைக் கேட்டு நீதிமன்றம் ஏறும்போதுதான் மூன்றும் மூன்று திசையில் நிற்பது தெரியவரும். அப்படி ஒரு வழக்கு 1980-ல் பிரபுக்கள் சபை வரை போனது. அன்றைக்கு அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம். வில்லியம்ஸ் அண்ட் கிளின்ஸ் வங்கி எதிர் போலண்ட் என்பது வழக்கின் பெயர். கடன் பத்திரத்தில் கையெழுத்தே போடாத மனைவி அதில் வங்கியை வென்றார்.

இந்த வழக்கை "மனைவிக்கு வீடு கிடைத்த வழக்கு" என்று சுருக்கிச் சொல்பவர்கள் நிறையப் பேர். அது சரியில்லை. அவருக்கு என்ன கிடைத்தது, எதனால் கிடைத்தது, அதை அடுத்து வங்கிகள் எப்படிச் சமாளித்துக்கொண்டன என்று பார்த்தால்தான் இன்றைக்கு அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது புரியும்.

நடந்தது என்ன

போலண்ட் தம்பதி 1969-ல் சர்ரே பகுதியில் உள்ள பெடிங்டனில் ஒரு வீடு வாங்கினார்கள். பதிவேட்டில் உரிமையாளராக ஏறியது கணவர் பெயர் மட்டும். அந்தக் காலத்தில் அதில் வியப்பொன்றும் இல்லை. மனைவியும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர் அல்ல. வீட்டுக்காகத் தன் சொந்தப் பணத்தைக் கணிசமாகப் போட்டிருந்தார். அந்தப் பங்களிப்பை வங்கியே பிற்பாடு ஒப்புக்கொண்டது. வீட்டில் அவருக்குப் பணத்தின் அளவுக்கு ஒரு பங்கு உண்டு என்பதில் கடைசிவரை சர்ச்சையே எழவில்லை.

கணவர் ஒரு கட்டடக் கம்பெனி நடத்திவந்தார். கம்பெனி வங்கியில் கடன் பட்டது. அதற்கு அவர் சொந்த உத்தரவாதம் கொடுத்தார், அந்த உத்தரவாதத்துக்கு ஈடாக வீட்டை அடமானம் வைத்தார். வங்கி பதிவேட்டைப் பார்த்தது. ஒரே பெயர் இருந்தது. அவரிடம் கையெழுத்து வாங்கியது. அதே வீட்டில் குடியிருந்த மனைவியிடம் "அம்மா, உங்களுக்கு இதில் ஏதாவது பாத்தியதை உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மொத்த வழக்கும் கேட்கப்படாத அந்த ஒரு கேள்வியில்தான் நின்றது.

கம்பெனி கடனைக் கட்டவில்லை. வீட்டை விற்றுக் கடனை எடுத்துக்கொள்ள, அதைக் காலியாக ஒப்படைக்கும்படி வங்கி வழக்குப் போட்டது. இதே வங்கி, பிரவுன் என்ற இன்னொரு குடும்பத்தின் மேலும் ஏறக்குறைய இதே நிலையில் வழக்குப் போட்டிருந்தது. இரண்டையும் சேர்த்தே விசாரித்தார்கள்.

அதுவரை சட்டம் நின்ற இடம்

அதற்கு முந்தைய பதினைந்து வருடத்தில் மனைவிகள் அடுத்தடுத்து அடி வாங்கியிருந்தார்கள். 1965-ல் நேஷனல் ப்ராவின்ஷியல் வங்கி எதிர் ஐன்ஸ்வொர்த் வழக்கு. கணவன் விட்டுவிட்டுப் போன ஒரு மனைவி, கணவன் பெயரில் இருந்த வீட்டில் குழந்தைகளோடு இருந்தார். வங்கிக்கு எதிராக அவருக்கு வீட்டின் மேல் எந்தச் சொத்துரிமையும் இல்லை என்று பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. கைவிடப்பட்ட மனைவிக்கு வீட்டில் ஒரு நியாய உரிமை உண்டு என்று 1950-களிலிருந்து தீர்ப்புத் தீர்ப்பாக எழுதிவந்த நீதிபதி டென்னிங்கின் உழைப்பு ஒரே நாளில் கரைந்தது. இதைச் சரிக்கட்ட நாடாளுமன்றம் 1967-ல் ஒரு சட்டம் போட்டது. பெயர் இல்லாத துணைவருக்கும் குடும்ப வீட்டில் குடியிருக்கும் உரிமை வந்தது. ஆனால் அதைப் பதிவு செய்தால்தான் வங்கியைக் கட்டுப்படுத்தும். சண்டை வந்து வழக்கறிஞரிடம் போவதற்கு முன்னால் எந்த மனைவி இதைப் போய்ப் பதிவு செய்வார்?

அடுத்து 1970-ல் கிஸ்ஸிங் வழக்கு. 1951-ல் 2,695 பவுண்டுக்கு வாங்கிய வீடு, கணவர் பெயரில். மனைவி வேலைக்குப் போனவர். தன் சேமிப்பிலிருந்து 220 பவுண்டு செலவழித்து வீட்டுச் சாமான்கள் வாங்கினார், புல்தரை போட்டார். திருமணம் முறிந்தபோது வீட்டில் பங்கு கேட்டார். ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை. அவர் பணம் வீட்டுச் செலவுக்குப் போனதே தவிர வீட்டை வாங்குவதற்குப் போகவில்லை என்பது காரணம்.

கிஸ்ஸிங் வழக்கு ஒரு கதவை அடைத்தாலும் இன்னொன்றைத் திறந்துவைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். வீடு வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை நேராகக் கொடுத்திருந்தால் கதை வேறு. பதிவேட்டில் பெயர் உள்ளவர் அந்த வீட்டைத் தனக்காக மட்டும் வைத்திருக்கவில்லை, பணம் போட்ட மற்றவருக்காகவும் டிரஸ்டியாக வைத்திருக்கிறார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். நூறு ரூபாய் வீட்டுக்கு மனைவி நாற்பது கொடுத்திருந்தால், பெயர் கணவருடையது, பங்கில் நாற்பது மனைவியுடையது. எழுத்து எதுவும் வேண்டாம். திருமதி போலண்ட் கையில் இருந்தது இதுதான்.

சரி, பங்கு இருக்கிறது. அதை வங்கிக்கு எதிராகக் காட்ட முடியுமா? 1969-ல் கான்ஸ் என்ற வழக்கில் நீதிபதி ஸ்டாம்ப் முடியாது என்றிருந்தார். கணவர் உரிமையாளராக வீட்டில் இருக்கும்போது மனைவி அங்கே இருப்பது இயல்புதானே, அதைப் பார்த்து வங்கி எதற்குச் சந்தேகப்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். மனைவி வீட்டில் இருப்பது கணவர் இருப்பதன் நிழல் என்ற பழைய பார்வை.

வங்கியின் மூன்று வாதங்கள்

போலண்ட் வழக்கு பதிவு செய்யப்பட்ட நிலம் பற்றியது. 1925-ஆம் ஆண்டின் நிலப் பதிவுச் சட்டத்தில் பிரிவு 70(1)(ஜி) என்று ஒரு விதி இருந்தது. நிலத்தில் நேரில் குடியிருப்பவரின் உரிமைகள் பதிவேட்டில் ஏறாவிட்டாலும், வாங்குபவரையும் அடமானம் பிடிப்பவரையும் கட்டுப்படுத்தும். அவரிடம் விசாரித்தும் அவர் சொல்லாமல் மறைத்தால் மட்டும் விலக்கு. பதிவேட்டைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற முறைக்கு இந்த விதி ஒரு பெரிய ஓட்டை. வேண்டுமென்றே விட்ட ஓட்டை. பதிவேடு காகிதத்தில் இருக்கிறது, ஆள் வீட்டில் இருக்கிறார், போய்க் கதவைத் தட்டிக் கேள் என்பதே அதன் பொருள்.

முதல் நீதிமன்றத்தில் நீதிபதி டெம்பிள்மேன் பழைய வழியிலேயே போனார். கணவர் உரிமையாளராகக் குடியிருக்கும்போது மனைவியை இந்த விதியின்படி குடியிருப்பவராகக் கொள்ள முடியாது என்று வங்கிக்குச் சாதகமாகத் தீர்த்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் டென்னிங். 1965-ல் இழந்ததை வேறு வாசல் வழியாக மீட்கக் கிடைத்த வாய்ப்பை அவர் விடுவாரா? குடும்ப வீட்டின் பேரில் கடன் கொடுப்பவர் யாராக இருந்தாலும் மனைவிக்கு அதில் பங்கு இருக்கலாம் என்பதை இந்தக் காலத்தில் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றார். வங்கி பிரபுக்கள் சபைக்குப் போனது.

அங்கே வங்கி வைத்த முதல் வாதம் நுணுக்கமானது. 1925-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி இப்படிப் பங்கு பிரிந்த வீடு, விற்பதற்கென்றே உள்ள ஒரு டிரஸ்டில் இருப்பதாகக் கணக்கு. ஆகவே மனைவியின் பங்கு விற்று வரும் பணத்தில்தான், நிலத்தில் இல்லை. நிலத்தின் மேல் இல்லாத உரிமைக்கு 70(1)(ஜி) எப்படிப் பாதுகாப்புத் தரும்? தீர்ப்பின் பெரும்பகுதியை எழுதிய லார்ட் வில்பர்ஃபோர்ஸ் இதை ஏற்கவில்லை. இரண்டு பேர் குடியிருப்பதற்கென்று வாங்கிய வீட்டில், விற்கும் பேச்சே இல்லாதபோது, ஒருவருடைய பங்கு வெறும் விற்பனைப் பணத்தில்தான் இருக்கிறது என்பது உண்மைக்குச் சற்றும் ஒட்டாத பேச்சு என்ற அளவில் முடித்தார்.

இரண்டாவது வாதம்தான் நிழல் வாதம். இங்கேதான் தீர்ப்பின் உயிர் இருக்கிறது. சட்டத்தில் உள்ள குடியிருப்பு என்ற சொற்கள் சாதாரண ஆங்கிலச் சொற்கள், அவற்றைச் சாதாரணமாகவே படிக்க வேண்டும் என்றார் வில்பர்ஃபோர்ஸ். ஆள் அங்கே உடம்போடு இருக்கிறாரா என்பதே கேள்வி. இருக்கிறார். அவர் மனைவியா, மகளா, வாடகைக்கு இருப்பவரா என்பதற்கு இதில் வேலையில்லை. கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள் என்ற கோட்பாடு மக்கிப்போன சரக்கு. கான்ஸ் வழக்கின் வழியை அப்படியே நிராகரித்தார். கணவரோடு சேர்ந்து குடியிருந்தாலும் மனைவி தன் அளவில் குடியிருப்பவர்தான்.

மூன்றாவது வாதம் நடைமுறை. ஒவ்வொரு வீட்டிலும் போய் உள்ளே இருப்பவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தால் வங்கித் தொழில் நடக்குமா? இதற்குக் கிடைத்த பதிலைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சின்னச் சந்தோஷம் வரும். விற்பவரை மட்டும் பார்த்துவிட்டு மற்றவர்களைப் பற்றிக் கேட்காமல் விடுவது ஒரு சோம்பேறிப் பழக்கம், அதன் ஆபத்தைத் தெரிந்தேதான் அப்படிச் செய்துவந்தார்கள், இனி கொஞ்சம் கவனமாக விசாரிக்கட்டும் என்பதே அதன் சாரம். சொத்தைச் சேர்ந்து வாங்கும் குடும்பங்கள் பெருகிவிட்ட காலத்தில் இது தாங்க முடியாத சுமை இல்லை. லார்ட் ஸ்கார்மன் இன்னும் ஒரு படி மேலே போனார். வங்கிகளின் சிரமத்தைக் காட்டி, சட்டம் மனைவிக்குக் கொடுத்திருக்கும் சமூக நீதியை மறுக்க முடியாது என்றார்.

1980 ஜூன் 19-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளும் ஒரே பக்கம். வங்கிக்கு வீடு கிடைக்கவில்லை.

எதனால் வென்றார்

இந்த வெற்றி மனைவி என்ற உறவால் வந்ததில்லை. மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் அமைந்ததால் வந்தது. வீட்டில் அவர் பணம் இருந்தது. அடமானம் வைத்த சமயத்தில் அவர் அங்கே குடியிருந்தார். அடமானப் பணத்தை வாங்கியவர் ஒரே ஒரு டிரஸ்டி, அதாவது கணவர் மட்டும். இந்த மூன்றில் ஒன்றை உருவினால் என்ன ஆகும் என்பதை அடுத்த பத்து வருடத்தில் வந்த வழக்குகள் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தன.

பணத்தை எடுத்துவிட்டால் ராசெட் வழக்கு. கென்ட் பகுதியில் பாழடைந்த ஒரு பண்ணை வீடு. கணவருக்குக் குடும்ப டிரஸ்டிலிருந்து பணம் வந்தது, அவர் பெயரில் மட்டும் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மனைவி கொத்தனார்களை மேய்த்தார், சுவருக்கு வண்ணம் பூசினார், காகிதம் ஒட்டினார், கிறிஸ்துமஸுக்குள் குடியேறிவிட வேண்டும் என்று ஓடியாடினார். கணவர் அவருக்குத் தெரியாமல் வங்கியில் மிகைப்பற்றுக் கடன் எடுத்திருந்தார். 1990 மார்ச்சில் பிரபுக்கள் சபை அந்த மனைவிக்கு வீட்டில் பங்கே இல்லை என்றது. வீட்டு விலையிலோ மாதத் தவணையிலோ நேராகப் பணம் கட்டியிருக்க வேண்டும், அதற்குக் குறைந்த எதுவும் போதுமா என்பது சந்தேகமே என்று லார்ட் பிரிட்ஜ் எழுதினார். அந்த அளவுகோல் சற்று அதிகமாகவே உயரம் என்று 2007-ல் ஸ்டாக் எதிர் டவுடன் வழக்கில் அதே சபை சொல்லியிருக்கிறது. இன்று குடும்பத்தின் மொத்த நடத்தையையும் பார்த்துப் பங்கைக் கணக்கிடும் போக்கு வந்துவிட்டது. ஆனாலும் பெயர் இல்லாதவர்தான் தனக்குப் பங்கு உண்டு என்பதை மெய்ப்பிக்க வேண்டும். வங்கி வாசலில் நிற்கும்போது, வண்ணம் பூசிய கதையைவிட வங்கிக் கணக்கு அறிக்கைக்கு மதிப்பு அதிகம்.

குடியிருப்பை எடுத்துவிட்டால் கான் வழக்கு. இதுவும் ராசெட் வழக்கும் ஒரே நாளில் தீர்க்கப்பட்டவை. மகன் பெயரில் வீடு, கடன் கொடுத்தது அபே நேஷனல். தாய்க்கும் அதில் பங்கு உண்டு என்பது வாதம். பத்திரம் முடிவதற்கு 35 நிமிடம் முன்னால் தாய்க்காகச் சாமான்களை இறக்கவும் தரைவிரிப்புப் போடவும் ஆட்கள் வீட்டுக்குள் போயிருந்தார்கள். தாய் அப்போது வெளிநாட்டில். இது குடியிருப்பே ஆகாது, குடியேறுவதற்கான ஏற்பாடு மட்டுமே என்றது சபை. அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொன்னது. வாசகர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டியது அந்த இரண்டாவது விஷயத்தைத்தான். கடன் இல்லாவிட்டால் அந்த வீடே வாங்கப்பட்டிருக்காது. ஆகவே வாங்குவதும் அடமானம் ஆவதும் ஒரே மூச்சில் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வேறொருவர் உரிமை நுழைய ஒரு கணம்கூட இடைவெளி கிடையாது.

இதன் நடைமுறைப் பொருள் பெரிது. வீடு வாங்குவதற்கென்றே எடுத்த முதல் கடனைப் பொறுத்தவரை, பெயர் இல்லாத துணைவர் போலண்ட் வழக்கைக் காட்டி வங்கியை நிறுத்த முடியாது. வாங்கிக் குடியேறிய பிறகு, மற்றவருக்குத் தெரியாமல், தொழிலுக்காகவோ வேறு எதற்காகவோ எடுத்த இரண்டாவது கடனில்தான் அந்தத் தீர்ப்புக்குப் பல் உண்டு.

மூன்றாவதை மாற்றினால் ஃபிளெக் வழக்கு. இதை முதலில் படித்தபோது தலைகீழாக ஏதோ அச்சாகிவிட்டது என்றே நினைத்தேன். வயதான தம்பதி தங்கள் பழைய வீட்டை விற்று 18,000 பவுண்டுக்கு மேல் போட்டு, மகள் மருமகனோடு சேர்ந்து ஒரு வீடு வாங்கினார்கள். விலை 34,000 பவுண்டு. எல்லோரும் ஒன்றாகக் குடியிருந்தார்கள். பதிவேட்டில் மகள், மருமகன் பெயர்கள் மட்டும். அந்த இருவரும் பெரியவர்களுக்குத் தெரியாமல் வீட்டை அடமானம் வைத்துக் கடனில் மூழ்கினார்கள். பணம் போட்டார்கள், குடியிருந்தார்கள், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருமதி போலண்டின் நிலைதானே? இல்லை. 1987-ல் அவர்கள் தோற்றார்கள். காரணம், அடமானப் பணத்தை வாங்கியவர்கள் இரண்டு டிரஸ்டிகள். இரண்டு டிரஸ்டிகள் கையில் பணம் போனால், மற்றவர்களின் பங்கு நிலத்தை விட்டு விலகி அந்தப் பணத்துக்குப் போய்விடும் என்பது 1925-லிருந்தே சட்டம். இருவர் இருந்தால் ஒருவரை ஒருவர் கண்காணிப்பார்கள் என்ற நம்பிக்கை. பணம் எங்கே? செலவாகிவிட்டது. பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தால் உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு, இரண்டு பெயர் இருந்தால் பாதுகாப்பு இல்லை. சட்டத்தின் தர்க்கம் புரிகிறது, ஆனால் அந்தப் பெரியவர்களிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது?

வங்கிகள் கண்ட வழி

தீர்ப்பு வந்ததும் கடன் கொடுக்கும் உலகம் கலங்கியது. சட்ட ஆணையம் 1982-ல் இந்த வழக்கின் விளைவுகளைப் பற்றியே ஒரு அறிக்கை வெளியிட்டது. வங்கிகள் அதற்குள் எளிய வழி ஒன்றைப் பிடித்துவிட்டன. கடன் விண்ணப்பத்தில், வீட்டில் குடியிருக்கும் வயது வந்தவர்கள் யார் யார் என்று கேட்பது. கடனில் பெயர் இல்லாத ஒவ்வொருவரிடமும், "எனக்கு இந்த வீட்டில் உரிமை ஏதும் இருந்தால் அது வங்கியின் அடமானத்துக்குப் பிந்தியதே" என்று ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது. வில்பர்ஃபோர்ஸ் எதிர்பார்த்த விசாரணை நடக்கத்தான் செய்தது. அது ஒரு கேள்வியாக நடக்காமல், எழுதிக் கொடுக்கும் விட்டுக்கொடுப்பாக நடந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் பத்துப் பதினைந்து காகிதம். "இங்கே ஒன்று, இங்கே ஒன்று, அவ்வளவுதான்." எத்தனை பேர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள்? தீர்ப்பு கொடுத்ததில் பாதியை இந்தப் படிவம் திருப்பி எடுத்துக்கொண்டது என்பது என் கருத்து.

அடுத்த போர் இயல்பாகவே கையெழுத்தைப் பற்றியதாக ஆனது. 1993-ல் பார்க்லேஸ் வங்கி எதிர் ஓ'பிரையன் வழக்கு. கணவர் தன் கம்பெனிக் கடனுக்காகக் குடும்ப வீட்டை ஈடு வைத்தார். 60,000 பவுண்டுக்குத்தான், மூன்று வாரத்துக்குத்தான் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். உண்மையில் கம்பெனியின் கடன் வரம்பு 135,000. ஆவணத்தை நன்றாக விளக்கிச் சொல்லும்படி கிளைக்கு உத்தரவு போயிருந்தும் அங்கே யாரும் விளக்கவில்லை. மனைவி படிக்காமலே கையெழுத்திட்டார். அந்த ஈடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ந்தது. 2001-ல் எட்டு மேல்முறையீடுகளை ஒன்றாக விசாரித்த எட்ரிட்ஜ் வழக்கில் நடைமுறையே வகுக்கப்பட்டது. துணைவரின் கடனுக்கு ஒருவர் ஈடு கொடுக்கும்போது, வழக்கறிஞர் ஒருவர் கணவர் இல்லாத இடத்தில் அவரை நேரில் உட்காரவைத்து, எதில் கையெழுத்திடுகிறார், எதை இழக்கலாம் என்று எளிய மொழியில் சொல்ல வேண்டும். சொன்னேன் என்று வங்கிக்கு எழுத்தில் உறுதி தர வேண்டும். லண்டனில் வீடு வாங்கிய நம்மவர்கள் "எதற்கு இன்னொரு வக்கீல், வீண் செலவு" என்று முகம் சுளிக்கும் அந்தச் சந்திப்பு இப்படி வந்ததுதான்.

பழைய 70(1)(ஜி) இப்போது இல்லை. 2003 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 2002-ஆம் ஆண்டின் நிலப் பதிவுச் சட்டம் அதன் இடத்தில் கொஞ்சம் இறுக்கமான விதியை வைத்திருக்கிறது. கவனமாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும்படி குடியிருப்பு இருக்க வேண்டும், அல்லது அந்த உரிமை வாங்குபவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். போலண்ட் தீர்ப்பின் சாரம் அப்படியே நிற்கிறது.

இன்று இந்த நிலையில் இருப்பவருக்கு

துணைவருக்குக் கடன் தகுதி இல்லை, விசா இன்னும் நிலைப்படவில்லை, பழைய கடன் வரலாறு சரியில்லை என்று ஏதோ ஒரு காரணத்தால் மோர்ட்கேஜ் ஒருவர் பெயரில் போகும். இங்கிலாந்தில் பெரும்பாலும் கடன் வாங்குபவர் பெயரே பதிவேட்டிலும் ஏறும். அப்போது மற்றவருக்கு இரண்டு வகை உரிமை இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று குடியிருக்கும் உரிமை. 1967-ல் தொடங்கி இப்போது 1996-ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தில் இருக்கிறது. மணமான எவருக்கும் உண்டு, ஒரு பவுண்டுகூடப் போட்டிருக்க வேண்டியதில்லை. எச்ஆர்1 என்ற படிவத்தில் நிலப் பதிவகத்துக்கு எழுதினால் கட்டணமில்லாமல் குறித்துக்கொள்வார்கள். குறிக்காவிட்டால், வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் பிறகு அடமானம் பிடிப்பவரை அது கட்டுப்படுத்தாது. மற்றது பங்கு உரிமை. பணம் போட்டதால் வருவது. பதிவு இல்லாமலேயே, குடியிருப்பின் பலத்தில் பின்னால் வரும் வங்கியைக் கட்டுப்படுத்தக்கூடியது இதுதான்.

மணமுறிவு வந்தால் கணக்கு வேறு. 1973-ஆம் ஆண்டின் திருமண வழக்குகள் சட்டத்தின்படி நீதிமன்றம் யார் பெயர், யார் கடன் என்று கட்டுப்படாமல் சொத்தை மாற்றிக்கொடுக்கலாம். "என் பெயரில் இருக்கிறது, நான்தான் கட்டினேன்" என்ற பேச்சு அங்கே ரொம்ப தூரம் போகாது. வங்கி எதிரே நிற்கும்போது மட்டும் பங்கும் பெயரும் கடுமையாக எடைபோடப்படும். இதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸுக்கு. ஸ்காட்லாந்தின் சட்டம் தனி.

இந்தியாவில் வளர்ந்து அங்கே போனவர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் வாங்கினால் பணம் போட்டவருக்காகவே சொத்து இருக்கிறது என்ற விதி 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டத்திலும் பிரிவு 82 ஆக இருந்தது. 1988-ல் பினாமித் தடைச் சட்டம் அதை நீக்கிவிட்டது. அறிந்த வருமானத்திலிருந்து துணைவர் பெயரில் வாங்குவதை 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் பினாமி இல்லை என்று விலக்கி வைத்திருக்கிறது. திருமதி போலண்ட் நுழைந்த வாசல் இங்கே ஒருமுறை மூடி, குடும்பத்துக்காகப் பிறகு கொஞ்சம் திறந்த வாசல்.

கடைசியாக, வங்கியைத் தடுத்து நிறுத்துவது என்றால் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். கணவரின் பங்கு எங்கும் போய்விடவில்லை, அது வங்கிக்கு ஈடாகத்தான் நிற்கிறது. பாங்க் ஆஃப் பரோடா எதிர் டில்லன் என்ற 1990-களின் வழக்கில் மனைவியின் உரிமை அடமானத்தைவிட மேலானது என்று தெளிவாகிவிட்டது. வங்கி அடமானதாரராகக் கதவைத் திறக்க முடியவில்லை. ஆனால் சொத்தில் அக்கறை உள்ள ஒரு தரப்பாக வந்து விற்பனைக்கு உத்தரவு கேட்டது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டிருந்தார்கள். நீதிமன்றம் உத்தரவு கொடுத்தது. மனைவியின் பங்கு முதலில், வங்கிக்கு அதற்குப் பிறகே.

1996-ஆம் ஆண்டின் டிரஸ்ட் சட்டத்தின் கீழ் இப்படிக் கேட்கும்போது, வீட்டை எதற்காக வாங்கினார்கள், அதில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்களா, கடன் கொடுத்தவர் எவ்வளவு காலம் காத்திருக்கிறார் என்பதை நீதிபதி சேர்த்துப் பார்ப்பார். கணவர் திவாலானால் அந்த நிதானமும் சுருங்கிவிடும். சொத்து திவால் அதிகாரி கைக்குப் போய் ஓர் ஆண்டு கழிந்துவிட்டால், அசாதாரணமான சூழ்நிலை இருந்தாலொழிய, கடன்காரர்களின் நலனே மேல் என்று 1986-ஆம் ஆண்டின் திவால் சட்டம் சொல்கிறது. மனைவிக்கு அப்போதும் தன் பங்குப் பணம் வரும். வீட்டில் இருக்க அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஓர் ஆண்டுதான்.